பிணைக்கு நின்றவள்

கடனைக் கட்ட முடியாமல் நாடு வங்குரோத்து என்று அறிவித்தபோது பெரியவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த வெட்கத்தையெல்லாம் சேர்த்துக் கொக்கட்டிச்சோலை யசோதினி ஒருத்தியே பட்டுத் தொலைத்தாள்.

இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். புருஷன் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். மா அரைக்கும் மெஷினுக்கென்று ஒரு குழுக்கடன் எடுத்தாள். அதைக் கட்ட இன்னொரு கொம்பனியில் ஒன்று, அதையும் கட்ட மூன்றாவது. புத்திகெட்ட வேலைதான். ஆனால் அந்தப் புத்தியைத் தேடி அவள் போகவில்லை. அது கொம்பனிக்காரரின் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்தது.

குழுக்கடனுக்கு நகை, காணி எதுவும் ஈடு வைக்க வேண்டாம். பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். யசோதினிக்குப் பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் பிணை. சின்னத்தங்கத்துக்கு யசோதினி பிணை. கிழமைக்கொருமுறை தவணை கட்டும் கூட்டத்தில் ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவள் நிரப்பும்வரை எவரும் எழும்ப முடியாது. நாலு தடவை சின்னத்தங்கம் நிரப்பினாள். ஐந்தாம் தடவை யசோதினி கூட்டத்துக்கே போகவில்லை.

அதன்பின் வேலிக்கு அப்பால் சின்னத்தங்கத்தின் தலை தெரிந்தால் இவள் குசினிக்குள் புகுந்துவிடுவாள். கொஞ்ச நாளில் சின்னத்தங்கமும் கண்டும் காணாதவள்போல் போகத் தொடங்கினாள். கோபம்தான், நியாயமான கோபம் என்று நினைத்து யசோதினி குறுகிப்போனாள்.

கடைசியில் பஸ் ஏறி, மண்முனைப் பாலம் தாண்டி நகரத்துக்குப் போனாள். அங்கே ஏழைகளுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்லும் சட்டத்தரணி றம்லா இருந்தாள்.

“கட்ட ஏலாம வங்குரோத்தாகிட்டன் எண்டு நீங்களே கோட்டுக்குப் போய் நீதிபதிக்கிட்டச் சொல்லலாம் அக்கா. அது குற்றமில்ல,” என்றாள் றம்லா. “பழைய சட்டம், நாளும் எடுக்கும். உள்ளதையும் குடுக்க வேண்டியதையும் ஒண்டும் மறைக்காம எழுதணும். உள்ளதக் கடன் தந்தவங்களுக்குப் பங்கிடுவாங்க. நேர்மையா நடந்திருக்கீங்க எண்டு கண்டா, மிச்சக் கடன்ல இருந்து கோட்டில உங்கள விடுவிக்கலாம். அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகையில பேர் வரும்.”

“பேர் வருமா மிஸ்?”

“வரும். அதவிடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு. விடுதல உங்களுக்கு மட்டும்தான். பிணை நிண்டவங்கள கொம்பனி விடாது. அவங்களுக்கு நீங்களே முதல்ல போய்ச் சொல்லுங்க.”

யசோதினி வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தாள். சொல்லாமலே வழக்கைப் போட்டுவிடலாம், கொம்பனிக்காரர் போய்க் கேட்கும்போது சின்னத்தங்கத்துக்குத் தானாகத் தெரியட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்குத்தான் அவள் அதிகம் அழுதாள். நாலாம் நாள் பின்னேரம் சின்னத்தங்கத்தின் வாசலில் போய் நின்றாள்.

“அக்கா, நான் கோட்டுக்குப் போகப்போறன், வங்குரோத்து எண்டு. மறுகா என்ட கடன உங்கக்கிட்டத்தான் கேப்பாங்க. சொல்லாமச் செய்யவும் பாத்தன். அந்தளவுக்குக் கெட்டுப்போனன்.”

விளாசப்போகிறாள் என்று தலையைக் குனிந்தாள். சின்னத்தங்கம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

“றம்லா மிஸ்தானே சொன்னவ?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“போன மாசம் நானும் இதுக்குத்தான் அவக்கிட்டப் போனன் யசோ. எனக்கும் மூணு கடன், வீட்டில ஒருத்தருக்கும் தெரியா. பிணை நிண்டவக்கிட்ட முதல்ல சொல்லுங்க எண்டு எனக்கும் சொன்னவ. வேலி மட்டும் வந்து வந்து திரும்பினன். நீ உள்ளுக்க ஓடக்குள்ள, உனக்குத் தெரிஞ்சு போச்சு, வெறுத்திட்டாய் எண்டு நினைச்சன்.”

யசோதினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ வந்து சொல்லிட்டாய். எனக்கு அதுக்கும் துணிவு வரல்ல யசோ,” என்று சின்னத்தங்கம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். யசோதினி அந்தக் கைகளை விலக்கப் பார்த்தாள். முடியவில்லை.