மருந்துக்குப் பதிலாகத் தந்த துண்டு

கண்டி டவுனில் வரி வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வரிச் சட்டத்தில் திருத்தம் வந்தால் அதை அச்செடுத்து, வெட்டி, அலுவலகத்துப் பழைய புத்தகத்தில் ஒட்டுவது என் பொறுப்பு. சில பக்கங்களில் திருத்தத்தின் மேல் திருத்தம் ஒட்டி, அடியில் இருக்கும் சட்டம் கண்ணுக்கே தெரியாது. எனக்கோ அதில் நம்பிக்கை இருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற யாரால் முடியும், பிழை கண்ட இடத்தில் திருத்திக்கொண்டே போகலாம் என்று வாதாடுவேன். கெலிஓயாவிலிருந்து வரும் எங்கள் முதலாளி சிரிப்பார்.

"மகன், நீங்க ஒட்டுத்துணியில ஒட்டுத்துணி தைக்கிறீங்க. சட்டை எங்க ஈக்கி?"

போன வருஷம், ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் வலது கை சட்டென்று தொங்கிப்போனது. பிரஷர் கூடி மூளையில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்ட்டில் இருந்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா என்னிடம் கேட்டார்.

"கிளினிக் மருந்து அவா ஒழுங்காப் போடுறவாவோ?"

"ஒரு நாளும் விட மாட்டாங்க டொக்டர்," என்றேன். அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்.

மருந்து விவரம் எழுதும் கிளினிக் கொப்பியை எடுத்துவர, தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். அதன் உறைக்குள் நான்கு காகிதத் துண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கிளினிக்கில் மருந்து இல்லாதபோது, வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தரும் துண்டுகள். மாதத்துக்கு ஒன்று. ஒன்றுக்குக்கூட மருந்து வாங்கப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டபோது, கோணிப்போயிருந்த வாயால் மெதுவாகச் சொன்னார்.

"பத்திரமா வச்சிருக்கியா தம்பி? நனஞ்சிராம பாத்துக்க. மருந்து வந்தா நாலையும் சேத்து வாங்கிக்கலாம்."

"அது கடையில வாங்கச் சொல்லி எழுதினதும்மா."

"கடையில வாங்க காசு இருந்தா போதாதா? துண்டு எதுக்கு?"

தோட்டத்தில் அம்மா அறிந்த துண்டு வேறு. அரிசிக்குத் துண்டு, கம்பளிக்குத் துண்டு, சுகமில்லாத நாளுக்கு மருந்துச் சாலையில் ஒரு துண்டு. கையில் துண்டு இருந்தால் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தே ஆக வேண்டும், இன்றில்லாவிட்டால் நாளை. அப்படித்தான் அவர் அரசாங்கத்தையும் நம்பிக் காத்திருந்தார். நான்கு மாதம், ஒரு குளிசையும் இல்லாமல். கொப்பியைத் தானே எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறார் என்று நானும் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்ததில்லை.

மறுநாள் அம்மாவின் வார்ட்டுத் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. மருந்து எடுக்க மறுத்தவர் என்று. எங்கள் வீட்டில் அந்த வரியை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டொக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"இத மாத்தணும் டொக்டர்."

"அவா எடுக்கேல்லத்தானே?"

"மறுக்கல. அவங்களுக்குக் கெடைக்கல." துண்டுகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் நான்கையும் விரித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை வெட்டி, மருந்து வழங்கப்படவில்லை என்று எழுதினார்.

"இந்தத் துண்டு குடுக்கிறது தற்காலிக ஏற்பாடுதான் தம்பி. தொடங்கேக்க ஒரு மாசத்துக்கெண்டு சொன்னவை."

அந்த ஏற்பாட்டை யோசித்தவர் கெட்டவராக இருக்க மாட்டார். என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார். மருந்து முடிந்துவிட்டது, சனத்தை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ஒரு துண்டாவது கொடுப்போம் என்று நல்ல மனதோடு நினைத்திருப்பார். மருந்து ஏன் வருவதில்லை, வரிப்பணம் எங்கே போகிறது, கடை விலைக்கு ஒரு கொழுந்துக்காரியின் சம்பளம் எட்டுமா என்பதெல்லாம் அவருடைய மேசைக்கு வந்திருக்காது. என் மேசைக்கும் வந்ததில்லை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்தை நானே வாங்கிக் கொடுக்கிறேன். வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இனிக் கொழுந்து பறிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அவர் வீட்டுக்கு வந்த வார ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லயத்தில் காம்பரா காம்பராவாக, ஒவ்வொரு அறை வாசலுக்கும் போய், கிளினிக் துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றாவது வாசலில் ஓர் அக்கா, நீரிழிவுக்குக் கிளினிக் போகும் சீனி வருத்தக்காரி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சிறு கட்டோடு வெளியே வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"மருந்து வந்துருச்சா தம்பி?"