வாத்து முட்டைகளும் வெறும் போர்டும்

தெருவில் அவளுக்கு டைப் அக்கா என்று பெயர். ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கடையை மூடியபோது முதலாளி கொடுத்த பழைய லேப்டாப் ஒன்றுதான் மிச்சம். பிறகு கொழுந்தனின் யோசனைப்படி, முட்டைகளை வாங்கிக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் தொழிலைப் பின்கட்டு அறையில் ஆரம்பித்தாள். வெல்டிங் வேலை செய்யும் கணவன் இன்குபேட்டர் பெட்டியை அடித்துக் கொடுத்தான். சூட்டைப் பார்த்துப் பல்பையும் ஃபேனையும் இயக்குவது தீப்பெட்டி அளவிலான ஒரு போர்டு. அதற்குப் புரோகிராம் எழுதிய கொழுந்தன், எல்லாம் ஓட ஆரம்பித்ததும் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அந்த முறை பெட்டியில் இருந்தவை வாத்துக்காரருடைய முட்டைகள். நோய் வந்து அவருடைய வாத்துகள் மொத்தமும் செத்துப்போயிருந்தன. அதற்கு முன்பு எடுத்து வைத்த முட்டைகளைக் கூடையில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுதாம்மா என்கிட்ட மிச்சம். பாத்துக்க."

குஞ்சுகள் உள்ளே உருவாகி அசையத் தொடங்கியிருந்த சமயம். ஒரு காலை மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது பெட்டியில் படீரென்று சத்தம். கருகிய வாடை. ஃபேன் நின்றுவிட்டது. கணவன் மூடியைக் கழற்றினான். போர்டு ஒரு பக்கம் கருத்துக் கிடந்தது.

அவன் பதறவில்லை. பல்புக்கு நேரடியாக ஒரு சுவிட்சைப் போட்டு, தெர்மாமீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் அணைப்பான், இறங்கினால் போடுவான்.

"சூட்ட நான் பாத்துக்கறேன். நீ அத மாத்து."

மாற்றுப் போர்டு ஒன்று டிராயரில் இருந்தது. மாட்டினாள். அசைவில்லை. அப்போதுதான் கொழுந்தன் கிளம்பும்போது சொன்னது ஞாபகம் வந்தது: "அண்ணி, இது வெறும் போர்டு. புரோகிராம் பென்டிரைவ்ல இருக்கு. லேப்டாப்புல போட்டு ஏத்திடுங்க, ஒரு கிளிக்குதான்."

அவனுக்கு மெசேஜ் அனுப்பினாள். நடுக்கடலில் இருந்தான் போல. ஒற்றை டிக்கோடு நின்றது.

ஒரு கிளிக்குக்கு முன்னால் இத்தனை இருக்கும் என்று அவன் சொல்லவேயில்லை. புரோகிராம் ஏற்றும் மென்பொருளை இறக்கினாள். அது போர்டின் வகையைக் கேட்டது. அந்த வகைக்கென்று தனியாக இன்னொன்றை இறக்கச் சொன்னது. பாதியில் நெட் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. எல்லாம் முடிந்து பார்த்தால், போர்டை எந்த வழியில் இணைத்திருக்கிறது என்று காட்டும் 'போர்ட்' என்ற இடம் காலி.

"போர்ட் காட்ட மாட்டேங்குதுங்க."

"போர்டுதான் கையிலயே இருக்கே?"

"போர்டு இல்லங்க, போர்ட்!"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்குது. எனக்கு இங்க சூடு ஏறுது, இரு."

போர்டை லேப்டாப்புக்கு அடையாளம் காட்ட டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும் என்று நெட்டில் யாரோ எழுதியிருந்தார்கள். போட்டாள். அப்போதும் காலி. கடைசியில் கேபிளில்தான் கோளாறு. அது சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகிற கேபிள். வீட்டிலிருந்த ஒவ்வொரு கேபிளாகச் செருகி, ஒன்றில் லேப்டாப் டிங் என்றது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

'ஏற்று' என்பதை அழுத்தினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. புரோகிராமுக்குத் துணையான ஏதோ லைப்ரரி இல்லையாம். தேடினால் அதே பெயரில் மூன்று நான்கு கிடைத்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் சிவப்பு போயிற்று. இப்போது "இணைக்கிறது" என்று வந்து, புள்ளி புள்ளியாக ஓடி, தோற்று நின்றது. மறுபடி. மறுபடி. லேப்டாப்பின் துளை தேய்ந்து கேபிள் ஆடுகிறதோ என்று சந்தேகம்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வந்து இத அழுத்திப் பிடிங்களேன்."

அவன் வந்து பிடித்தான். இருவரும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

ஞாபகம் வந்து அவன் ஓடியபோது தெர்மாமீட்டர் நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. பெட்டியின் கதவைத் திறந்து தட்டால் விசிறினான். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கூப்பிட்டேன். நானே கொன்னுட்டேன்."

"நீ கூப்பிட்டா வராம இருப்பேனா? எந்திரி. சாயங்காலத்துக்கு மேல என்னால முடியாது. கை மரத்துப் போச்சு."

எழுந்தாள். திட்டு வாங்கிய பிள்ளைபோல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். புள்ளிகள் ஓடும்போது போர்டிலிருக்கும் 'பூட்' பட்டனை விடாமல் அழுத்த வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அழுத்தினாள், நகம் வெளுக்கும்வரை. புள்ளிகள் நின்று சதவீதம் ஓட ஆரம்பித்தது. பெட்டியில் மாட்டியதும் ஃபேன் சுற்றியது. கணவன் சுவிட்சை விட்டுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தான். இருவருக்கும் சந்தோஷப்படத் தெம்பில்லை.

வாத்துக்காரருக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் வந்து, டார்ச்சை முட்டைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பலவற்றில் அசைவே இல்லை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடைசியில் பொரிந்தவை ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. அவர் அதே கூடையோடு வந்து, ஈரம் காயாத குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுடுங்கண்ணே," என்றாள்.

"போதும்னு சொல்ல மாட்டேம்மா. போதாது," என்றார். ஒரு குஞ்சை உள்ளங்கையில் எடுத்தார். "ஆனா இதுல பெட்டை இருக்கும்ல? அடுத்த வருஷம் முட்டை போட்டா, இங்கதான் கொண்டாருவேன். வேற எங்க போறது?"

அவர் போன பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.