மலைக்கும் புல்லுக்கும் ஒரே வெயில்

தேசியப் பூங்காவுக்கு உள்ளேயே பிறந்து, உள்ளேயே வாக்கப்பட்டவள் தாரின்கா. வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுவதென்றாலும் பூங்கா அலுவலகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய ஊர். "கரடிக்கு இருக்கிற சுதந்திரம்கூட நமக்கில்ல" என்று அவள் புருஷன் ஸ்தானே வருஷத்துக்கு ஒருமுறையாவது புலம்புவான். அப்படிப்பட்டவள், ஐம்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பூங்காவுக்கு நடுவே நிற்கும் த்ரிக்லாவ் மலையின் உச்சியில் கால் வைத்ததில்லை.

ஸ்லோவேனியாவில் பிறந்தவர் ஆயுளில் ஒருமுறையாவது த்ரிக்லாவ் ஏறியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஏறாதவர் அரை ஸ்லோவேனியர்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்தானே பதினேழு வயதில் ஏறிவிட்டான். அதை மறக்கவும் மாட்டான், மறக்கவும் விடமாட்டான். "முழு ஸ்லோவேனியன் பசியோட உட்கார்ந்திருக்கேன், அரை ஸ்லோவேனியக்காரி எப்ப சூப் கொண்டு வருவா?" என்பான். வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் முப்பது வருஷம் கேட்டால் எந்த வேடிக்கையும் குத்தத் தொடங்கிவிடும்.

மாடியில் இருந்த இரண்டு அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டிருந்தாள். ஹாலந்துக்காரர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த மலை விடுதியில் பார்லிக் கஞ்சி நன்றாக இருக்கும், எந்த இடத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறவேண்டும் என்று எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். எல்லாம் கேள்வி ஞானம். "மேலே எப்படி இருக்கும்?" என்று கேட்டால், "பிரமாதமா இருக்கும்" என்பாள். பிறகு அவர்கள் கசக்கிப் போட்ட படுக்கை விரிப்புகளை வாரிக்கொண்டு துவைக்கப் போவாள்.

அவள் சோம்பேறி இல்லை, பயந்தாங்கொள்ளியும் இல்லை. தடை புல்தான். அந்தப் பள்ளத்தாக்கில் மழை பெய்யாத நாட்கள் சேர்ந்தாற்போல் இரண்டு மூன்று கிடைப்பதே அபூர்வம். மலை ஏற அந்த நாட்கள்தான் வேண்டும். குளிர்காலத்து மாட்டுத் தீனிக்குப் புல்லை அறுத்துக் காயவைக்கவும் அதே நாட்கள்தான் வேண்டும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதைதான். வெயில் அடித்தால் கையில் புல் வாரும் வாரி இருக்கும். வேலை ஓய்ந்தால் வானம் பொத்துக்கொள்ளும். திட்டம் மட்டும் வருஷாவருஷம் போட்டாள். அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இந்த வருஷம் கதை மாறியது. ஸ்தானேவின் இடுப்பு இனி தாங்காது என்று வசந்தத்திலேயே மாடுகளை விற்றுவிட்டார்கள். புல் அறுக்கும் வேலை தீர்ந்தது. அவள் முழங்காலும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. "இந்தக் கால் இன்னும் ஒரு மலை தாங்கும். ரெண்டாவதைப் பத்தி நினைக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது விட்டால் எப்போதும் இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் பார்த்து மலை விடுதியில் இரண்டு படுக்கைகளுக்குச் சொல்லி வைத்தாள். துணைக்கு அவள் சிநேகிதி ஓல்கா. அன்று சாயங்காலம் இடிமழை, அதற்குள் விடுதிக்குப் போய்விட்டால் மறுநாள் விடியலில் உச்சி தெளிவாக இருக்கும் என்று காலை வானொலியில் சொன்னார்கள்.

பையை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வழியில் அதே ஊர்க்காரர் லோவ்ரோவின் புல்வெளி. அவருக்கு எழுபத்து நான்கு வயது, பெண்டாட்டி இல்லை, ஒரே மகன் ஆஸ்திரியாவில் வேலை. வெயில் நீடிக்கும் என்று நம்பி அறுத்துப் போட்ட புல் நிலம் முழுக்கப் பரந்து கிடந்தது. இன்னும் ஒரு நாள் காய்ந்தால் பரண் ஏற்றிவிடலாம். வலது தோள் உயராமல், இடது கையால் வாரியை இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் புல்லுக்கு உதவி யாரும் கேட்பதில்லை. வானத்தில் மேகத்தையும் தரையில் புல்லையும் சேர்த்துப் பார்த்தவர் வாரியோடு வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான். தாரின்காவின் நிலத்துக்கு லோவ்ரோ அப்படி வராத வருஷம் இல்லை. ஸ்தானே ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் மொத்தப் புல்லையும் அவரே ஏற்றிக் கொடுத்தார்.

தாரின்கா பையை இறக்கி வைத்துவிட்டு, வேலியில் சாய்த்திருந்த வாரியை எடுத்தாள்.

"அதைக் கீழ போடு" என்றார் லோவ்ரோ, திரும்பாமலே.

"ஒரு ரெண்டு மணி நேரம். அடுத்த பஸ்ல போயிக்கறேன்."

"அடுத்த பஸ் எப்பன்னு ஊருக்கே சொல்றவ நீ. மத்தியானம்தானே? நீ பாதி வழி ஏறுறதுக்குள்ள இடி உன் தலையிலதான் இறங்கும்."

"அப்ப நாளைக்குப் போறேன்."

"நாளைக்காம் நாளைக்கு! கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நாளைக்கு! உன் நாளைக்கெல்லாம் சேர்த்துக் கட்டினா என் பரணே நிறைஞ்சிடும்."

"ஒத்தக் கையால எப்படி லோவ்ரோ வாருவீங்க?"

"என் புல்லு, என் மழை. உனக்கென்ன வந்துச்சு? என் நிலத்தை விட்டு வெளிய போ. இல்ல, கவைக்கோலால குத்தி விரட்டுவேன்." நிஜமாகவே கவைக்கோலைத் தூக்கினார். தோள் வலியில் முகம் கோணியது.

உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் ஒருதரம் "இரு" என்று சொல்லியிருந்தால் தாரின்கா இருந்திருப்பாள். மனதுக்குள் அதைத்தான் பாதி விரும்பினாள். வாரியைப் பிடித்தால் கைக்கு வேலை தெரியும், மலையில் காலுக்கு என்ன தெரியும்? திட்டம் போட்டுப் போட்டே அவ்வளவு அலுத்துப்போயிருந்தாள். ஆனால் ஓல்கா உட்கார்ந்திருந்த பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் ஒரு சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே அதற்காக வெட்கப்பட்டாள்.

முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குக் கேட்டது. ஓல்கா வழி நெடுக மருமகளைத் திட்டிக்கொண்டே வந்ததால் அழாமல் நடக்க முடிந்தது. விடுதியில் நுழைந்து கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சீட்டாடினார்கள், தேநீர் குடித்தார்கள், கூரையில் விழும் சத்தத்தை ரசித்தார்கள். தாரின்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மேகம் மூடிய பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் அத்தனை வருஷம் புகழ்ந்த பார்லிக் கஞ்சி எதிரே ஆறிக்கொண்டிருந்தது.

"நீ இருந்திருந்தாலும் பாதிதான் தேறியிருக்கும்" என்றாள் ஓல்கா.

"பாதின்னா பாதி புல்லு, ஓல்கா."

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதல்முறை ஏறுகிறவர்களுக்கு அங்கே பின்பக்கத்தில் கயிற்றால் அடி விழும். அதுதான் சடங்கு. "குனிடி, பொண்ணே!" என்று ஓல்கா மூன்று வீசு வீசினாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். தாரின்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ படம் எடுத்தார்கள். ஆனந்தம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் இத்தாலி, எந்தப் பக்கம் ஆஸ்திரியா என்று மற்றவர்கள் விரல் நீட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு புல்வெளியைத் தேடிக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு மலை முதுகு மறைத்தது.

சாயங்காலம் பேருந்தை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. லோவ்ரோ நனைந்த புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். புளித்த வாடை ரோடு வரைக்கும் வந்தது.

"அடி விழுந்துச்சா?" என்றார்.

"மூணு. ஓல்கா கையால."

"ஓல்காவா! அவ ஈ ஓட்டியிருப்பா. நான் அடிச்சிருந்தேன்னா ஒரு வாரத்துக்கு நீ நின்னுக்கிட்டுதான் சாப்பிடணும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எவ்வளவு போச்சு?"

"முக்கால்வாசி." அவர் பூசி மெழுகவில்லை. "மாட்டுக்குக் கீழ பரப்பலாம். தின்னாது."

"உங்களுக்கு யார் அடிச்சாங்க, லோவ்ரோ? நீங்க முதல்ல ஏறினப்ப?" என்று கேட்டாள்.

லோவ்ரோ வாரியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "நான் எங்க போனேன்? என் புல்லு முடிஞ்சா உன் புல்லு. அதுக்குள்ள மழை வந்துடும்."

அத்தனை வருஷமும் வெயில் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் அடித்திருக்கிறது. நீங்கள் ஏறினீர்களா என்று ஒருநாளாவது அவரைக் கேட்கவேண்டும் என்று தாரின்காவுக்குத் தோன்றியதே இல்லை.

பையை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் போய் வாரியை எடுத்தாள். இந்தமுறை அவர் விரட்டவில்லை.