வந்து பயந்துட்டுப் போங்க

போன ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்கில், கேன்டீன் புளியோதரை இன்னும் கையில் மணக்க, மகளின் காரைத் தேடிக்கொண்டிருந்தேன். யாருடைய காரோ, அடியில் பச்சையாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு. கூலன்ட், இன்ஜினைக் குளிரவைக்கிற திரவம். பாகு லேசாக அடிப்பிடித்த மாதிரி அதற்கொரு இனிப்பு வாசனை உண்டு. மூக்கில் ஏறினால் குனிந்து பார்க்காமல் நகர மாட்டேன். பயம்தான், வேறென்ன.

எதற்கும் பயப்படுகிற ஆள் நான். பத்தாவதைப் பாதியில் விட்டதுகூட கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான். அண்ணன் ஸ்பான்சர் பண்ணி ஹூஸ்டன் வந்து, தொழிற்சாலைகளுக்குப் பெரிய மோட்டார் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்ட் பண்ணும் வேலைக்குச் சேர்ந்தேன். காற்றில் ஆறுகிற மோட்டார் என்றால் புறங்கையை வைத்தாலே உள்ளே கொதிப்பது தெரிந்துவிடும். தண்ணீரில் ஆறுகிறது அப்படியில்லை. மேலே ஜில்லென்று இருக்கும். உள்ளே நடப்பதைச் சொல்லவே சொல்லாது. என்னை மாதிரி ஆளுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறையை வரைந்தவள் மீனா, மதுரைப் பெண். அவள் தனியாக வரைந்த முதல் மோட்டார். அவள் விசாவும் அந்த வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. படுக்கவைத்து ஓட்டிப் பார்த்தோம், பாஸ். பெட்டியில் அடைக்கும்போது மேலே ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். வாங்குகிறவர்கள் அதை நிற்கவைத்து மாட்டப்போகிறார்கள். படுத்திருக்கையில் உச்சியில் இருக்கிற, காற்றை வெளியேற்றும் திருகு, நிமிர்த்தினால் இடுப்புக்கு வந்துவிடும். தலைப்பக்கம் காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறாது, உள்ளே கம்பிச் சுருள் கருகும்.

மூன்று தடவை அவள் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். படித்த பெண்ணிடம் நான் என்னத்தைச் சொல்ல? நாலாவது தடவை, ஒரு வாய் குடித்த தண்ணீர் பாட்டிலை அவள் மேஜையில் படுக்கவைத்து, அப்புறம் நிமிர்த்திக் காட்டினேன்.

பாட்டிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பலேர்ந்துண்ணே தெரியும்?"

"காலையிலேர்ந்து."

"அப்பவே சொல்றதுக்கென்ன? கடிச்சா வெச்சிருவேன்?"

பெட்டியைப் பிரித்துத் தலைப்பக்கம் இன்னொரு திருகு வைத்தோம். தப்பு தன்னுடையதென்று மேனேஜரிடம் அவளே போய்ச் சொன்னாள். ஒரு வாரம் வெளுத்த முகத்தோடு திரிந்தாள், வேலை போகாமல் தப்பியது. அதற்கப்புறம் ஒவ்வொரு டிராயிங்குக்கும் போன் வரும். "அண்ணே, காபி போட்டிருக்கேன். வந்து கொஞ்சம் பயந்துட்டுப் போங்க."

என் பயத்தை ஒருத்தர் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் சில வருஷங்கள்தான்.

கம்பெனியை யாரோ வாங்கி மூடியாயிற்று. நான் ஹூஸ்டனை விட்டு பிரிட்ஜ்வாட்டரில் மகளோடு இருக்கிறேன். மீனா சன்னிவேலில் ஏதோ சாஃப்ட்வேரில் இருக்கிறாள். தீபாவளிக்கு மெசேஜ் வரும். காரடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் மகள் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, நாட் அவர் கார். கெட் இன்."

ஏறி உட்கார்ந்தேன். வீடுவரைக்கும் அந்தச் சொட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். சொல்லத்தான் ஆளில்லை.