நாற்பத்தொன்றாம் குழாய்

செவ்வாய்க்கிழமை காலை சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பர்வீன் அக்கா கோவை மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். கையிலிருந்த குழாயைக் கீழே வைக்கத் தோன்றாமல் அதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். குன்னூர் ஆய்வகத்தில் அவருடன் வேலை செய்த உங்களிடம் நான் அதிகம் பேசியதில்லை. இதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

தேயிலை விலை விழுந்து, கோத்தகிரியில் அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியை மூடியபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். கழுவும் வேலைக்கு வந்த என்னை, எழுத்து பொடியாக இருக்கிறதென்று குழாய்களில் எண் எழுத வைத்தவர் அக்காதான். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். ஊட்டி பஜார் கடைக்காரரின் மகள் அவர். "எங்கப்பா டப்பாவுக்கெல்லாம் பேர் ஒட்டுவாரு. நான் மனுசங்க பேரையே எடுத்துடறேன்" என்று சிரிப்பார்.

வெள்ளணுக்களின் மேலிருக்கும் ஏற்பிகளை அவர் ஆராய்ந்தார். கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்பவை அவைதான்; அணுவுக்கு அணு அவற்றின் வடிவம் மாறும். "எது வரும்னு உடம்புக்குத் தெரியாது கண்ணு. அதனால எது வந்தாலும் பிடிக்க ஒரு ஆள் இருக்கற மாதிரி வெச்சிருக்கு" என்பார். நோயில்லாதவர் ரத்தமென்றால், இயந்திரம் வரையும் தாளில் சிறு சிறு முகடுகள் வரிசையாக வரும்.

ஒருநாள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் ஒன்று குறைந்தது. அக்கா ஒரு குழாயைக் கொண்டுவந்து தந்தார். யாருடையது என்று கேட்காமல் 41 என்று எழுதினேன். அதன் தாளில் ஒரே ஒரு முகடுதான் இருந்தது. யாரிடமும் வாய் திறக்காத நான் அன்றைக்கென்று கேலி பேசினேன்.

"ஏனுங்கக்கா, தொட்டபெட்டா மலை மாதிரி தனியா நிக்குதுங்க. பாவம், யாருதுங்க இது?"

"பேசாத புள்ளைன்னு பாத்தா, நல்லாத்தான் நக்கல் பண்றே!" என்று சிரித்தார். பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே அணு பெருகிப் பெருகி மத்ததையெல்லாம் தள்ளிடுச்சு. மலை பூராத் தேயிலையே வெச்ச மாதிரி."

மறுநாள் இன்னொரு குழாயை நீட்டினார். "அதே நம்பர் போடு கண்ணு. மறுபடி பாத்துடலாம்."

நீட்டிய கையின் மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

எண் கோணலாக விழுந்தது. "அழிச்சுட்டு எழுதட்டுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மறுபடியும் ஒரே முகடு.

வெள்ளணுப் புற்றுநோயால் அவர் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் ஒருமுறை லீவு போட்டுவிட்டுக் கோவைக்குப் போனேன். முடியெல்லாம் கொட்டியிருந்தது. "தொட்டபெட்டா எப்படியிருக்கு?" என்று அவரே கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் மலையிறங்கிப் போயிருந்தேன். "மேகமா இருக்குங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

எண் எழுத அவர் கொடுத்த பேனா என்னிடம் இருக்கிறது. இன்றும் அந்தப் பேனாவால்தான் எண் எழுதுகிறேன். புதுப் பட்டியலில் நாற்பது வரை முடித்துவிட்டேன். அடுத்த குழாய் கையில் இருக்கிறது.