உட்கார ஓர் ஆள்

"காலைத் தூக்கு. ரெண்டு காலையும்."

"தூக்கித்தான் வச்சிருக்கேன்."

ஹாரிப் நாலு சக்கர பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மணலில் மல்லாந்து கிடந்தான். சீட்டில் அவன் மனைவி ஜுவைனா உட்கார்ந்திருந்தாள். மடியில் அரிசி மூட்டை. அவன் செயினின் அடிப்பக்கத்தை விரலால் மேலே தள்ளிப் பார்த்தான். தாராளமாக ஆடியது.

"கனம் பத்தலை."

"அப்போ என் தம்பி வீட்டு ஒட்டகத்தை ஓட்டிட்டு வர்றேன். அதுவாவது வாய் பேசாம உட்காரும்."

அவள் மூட்டையோடு இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

இந்த வண்டியில் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். அமுங்கினால் செயின் இறுகும். சும்மா நிற்கும் வண்டியில் அளவு பார்த்து இறுக்கினால், ஏறி உட்கார்ந்ததும் கூடாரக் கயிறு போல விறைத்துக்கொள்ளும். மணல்மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போது அறுந்துவிடும். அதனால் ஓட்டுபவனின் எடையுள்ள ஒருவன் மேலே உட்கார, ஓட்டுபவன் கீழே படுத்து அளக்க வேண்டும். மணல் ஓரத்து ஊரான பிதியாவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பெட்ரோல் ஊற்ற அடுத்தவனை விடுவார்கள், டயரில் காற்றைக் குறைக்க விடுவார்கள். செயினில் மட்டும் இன்னொருவன் கை வைக்க விடமாட்டார்கள்.

ஹாரிபுக்கு உட்காரும் ஆள் முத்லக். வியாழக்கிழமை முத்லக் வந்து ஹாரிபின் வண்டியில் உட்காருவான், பிறகு ஹாரிப் போய் அவன் வண்டியில். வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே மேட்டில் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பார்கள். சிறு வயது முதலே ஒரே உயரம், ஒரே பருமன். தையற்காரன் ஒருவனை அளந்து இருவருக்கும் தைத்த காலம் உண்டு.

போன பருவத்தில் உச்சிக்குச் சற்றுக் கீழே ஹாரிபின் செயின் அறுந்தது. வண்டி பின்னோக்கிச் சரிந்து அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு காபிக்கு உட்கார்ந்தபோது, நாலு பேர் கேட்கச் சொன்னான்: "அளவு பார்க்கறப்ப முத்லக் ஒரு காலைத் தரையில ஊனியிருந்தான். முழுக் கனத்தையும் வைக்கலை." காபி ஆறுவதற்குள் அது முத்லக்கின் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு பேச்சில்லை. பெருநாளன்றுகூடக் கையை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

ஹாரிப் தண்ணீர் லாரி ஓட்டினான். விடியுமுன் கிளம்பி மணலுக்குள் இருக்கும் முகாம்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோவான். ஒவ்வொரு முகாமிலும் காபி, பேரீச்சை, அல்வா. வேண்டாமென்றால் முகம் கோணுவார்கள். வெள்ளிக்கிழமை அந்த உச்சியில் வண்டியை நிறுத்தி நிற்கும் கொஞ்ச நேரம்தான் வாரத்தில் அவனை யாரும் தண்ணீர் கேட்காத நேரம். நாளைக்கு இந்தப் பருவத்தின் முதல் ஏற்றம். ஜுவைனா காலையிலேயே சொல்லிவிட்டாள்: "அளவு சரியா வராம மேட்டுல ஏறினீங்கன்னா, அடுத்த தடவை உங்களுக்குச் சோறு ஊட்ட நான் இருக்க மாட்டேன்."

வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் முத்லக்கின் சிவப்பு பைக். அவன் இறங்கி, சலாம் சொல்லிவிட்டு, ஹாரிபைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

"உட்கார ஆள் கிடைக்கலையாம், உங்க வீட்டுல சொன்னதா என் பொண்டாட்டி ராயா சொன்னா. எனக்கும் கிடைக்கலை. அண்ணன் மகனை உட்கார வச்சேன். கோழி உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு."

'உங்க வீட்டுல' என்ற மரியாதை ஹாரிபைக் குத்தியது. ஜுவைனா அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முத்லக் ஏறி உட்கார்ந்து இரண்டு காலையும் ஹேண்டில்பார் மேல் போட்டான்.

"நல்லாப் பாருங்க. வேணும்னா சாட்சிக்கு ஆள் கூப்பிடுங்க."

"நான் பார்த்துட்டேன்," என்றாள் ஜுவைனா. "ஒரு செருப்புல ஓட்டை."

ஹாரிப் படுத்து அளந்தான். செயினின் தளர்வில் மூன்று விரல் நுழைந்தது. கொஞ்சம் யோசித்தான்.

"இப்ப ஒரு காலைக் கீழ ஊனு."

முத்லக் ஊன்றினான். ஹாரிப் அளந்தான். மறுபடி அளந்தான்.

"என்ன?"

"பெருசா ஒண்ணும் மாறலை."

"மாறாது. இதை அன்னைக்கே படுத்துப் பார்த்திருக்கலாம். காபி குடிச்சுக்கிட்டே பார்க்க முடியாது."

"அப்ப எதுக்கு அறுந்துச்சு?"

முத்லக் இறங்கினான். "நீங்க ஏறுங்க. நான் பார்க்கிறேன்."

ஹாரிப் ஸ்பேனரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முறிஞ்ச எலும்பு யாரோடது?" என்றாள் ஜுவைனா. "ஏறுங்க."

ஏறினான். வண்டி அமுங்கியது. முத்லக் கீழே படுத்து விரலை நுழைத்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரித்து மணல் வாய்க்குள் போய் இருமினான்.

"ஒரு விரல்தான்டா போகுது. அதுவும் என் சுண்டுவிரல். முகாம் முகாமா அல்வா தின்னுட்டு என் காலைக் குத்தம் சொல்லியிருக்க."

"நான் அப்படியேதான் இருக்கேன்."

"தையற்காரன் ரெண்டு வருஷமாவே கூடுதலாத் துணி கேட்கிறான்," என்றாள் ஜுவைனா. "வாங்கிக் கொடுத்துடுவேன். உங்ககிட்ட சொல்லலை."

ஹாரிப் வயிற்றைக் குனிந்து பார்த்தான். பிறகு கையை நீட்டி ஸ்பேனரைக் கீழே கொடுத்தான்.

"அந்த நாலு போல்ட்டையும் முதல்ல…"

"தெரியும்டா."

முத்லக் போல்ட்டுகளைத் தளர்த்தி, கொக்கி ஸ்பேனரை மாட்டி பின் அச்சைத் தாங்கும் உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் செயினை நெகிழ்த்தினான். ஹாரிபுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தான், விட்டான், தொப்பியைச் சரிசெய்தான்.

"எவ்வளவு வந்துச்சு?"

"மூச்சை இழுக்காம உட்காரு. அளவு ஆடுது."

சரியான அளவான இரண்டு விரல் வந்ததும் போல்ட்டுகளை இறுக்கினான். பிறகு சிவப்பு பைக்கை இறக்கினார்கள். முத்லக் தன் வண்டியில் தானே ஏறி உட்கார்ந்து, ஸ்பேனரை ஹாரிபிடம் நீட்டினான்.

"நாளைக்குக் காபி நேரத்துல சொல்லிடறேன்," என்றான் ஹாரிப், கீழே இருந்து.

"என்னன்னு?"

"உன் கால் மேல தப்பில்லைன்னு."

"அது போதாது. அல்வாவையும் சொல்லணும்."

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து காபிக்கு உட்கார்ந்தபோது ஹாரிப் இரண்டையும் சொன்னான். கேட்டவர்கள் அல்வாத் தட்டை அவனிடமிருந்து தள்ளி வைத்தார்கள். பிற்பகலில் முத்லக் முதல் முயற்சியிலேயே உச்சிக்குப் போனான். ஹாரிபின் வண்டி முன்பு செயின் அறுந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறி, திணறி நின்றது. திரும்ப இறங்கினான். இன்னும் இரண்டு முறை போனான், அதே இடம்தான். செயின் அறுந்துபோகவில்லை. சாயங்காலம் முத்லக்கின் பிக்கப்பில் இரண்டு வண்டிகளையும் ஏற்றி வந்தார்கள். ஹாரிப் செயினில் இருந்த மணலைத் தட்டித் துடைத்துவிட்டு, விடியற்காலைக்காக லாரியில் தண்ணீர் நிரப்பப் போனான்.