மஞ்சள் கறுப்புக் கைப்பிடி

என் நாத்தனாரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ் ஏறிப் பாதி வழி போன பிறகு, "அண்ணி, கேஸை மூடினேனா?" என்று என் கையைப் பிடிப்பாள். இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்தால் அடுப்பு ஜில்லென்று கிடக்கும். கல்யாணத்தன்று தலைக்கு மேலே மின்விசிறி ஆடுகிறது என்று மாப்பிள்ளையையும் சேர்த்து நாற்காலியோடு நகர்த்தியவள். அந்த மாப்பிள்ளை, பாவம், நாலு நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பயமும் கூடவே வந்து குடியேறியது.

நான் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீட்டு கொடுக்கிறவள். துப்புரவு வேலைக்கு ஆள் தேவை என்றதும் நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து பறந்த பழைய விமானங்கள் அங்கே நிற்கின்றன. கப்பலில் இடம் அடைக்கக் கூடாது என்று இறக்கைகளை மேலே மடித்து வைக்கிற மாதிரி செய்தவை. மற்றவர்கள் அதை அண்ணாந்து பார்த்து வாய் பிளப்பார்கள். இவள் அந்த இறக்கைக்கு அடியில் ஒரு நாளும் நடந்ததில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதிகாரியிடம், "சார், இதுல வெடிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பழைய இரும்பும்மா. பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டான்" என்று சிரித்தார் அவர்.

ஒரு நாள், மறுநாள் யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று ஒரே பரபரப்பு. அதிகாரி ஒரு போர் விமானத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கைக்கு அடியில இவ்வளவு தூசி! ஏணியில நின்னு தடவிக் கொடுத்தா போதுமா? உள்ள இறங்கித் துடைம்மா" என்று கத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வந்ததே கோபம். "என்னடி முழிக்கிற? என் மானத்தை வாங்காதே, ஏறு" என்றேன்.

விமானி உட்காரும் இருக்கை சாதாரண நாற்காலி இல்லை. விமானம் விழப்போகிறது என்றால், விமானி தன் தொடைகளுக்கு நடுவே இருக்கும் மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட கைப்பிடியை இழுப்பான். பின்னால் இருக்கும் வெடிமருந்துக் குழாய் வெடித்து, அவனை இருக்கையோடு வானத்துக்குத் தூக்கி எறியும். அப்புறம் பாராசூட்டில் இறங்குவான். ஆனால் எங்கள் கூடத்தில் மேலே வானமா இருக்கிறது? இரும்பு உத்தரம்.

துடைத்து முடித்து எழுந்தவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதன் கயிறு கைப்பிடியில் மாட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை. எழுந்த வேகத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி..."

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். கைப்பிடி ஒரு விரல் உயரம் மேலே எழும்பியிருந்தது.

"அசையாதே. மூச்சைக்கூட மெதுவா விடு."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "அதுல மருந்தெல்லாம் எடுத்தாச்சுன்னுதான் சொன்னாங்க."

"சொன்னாங்களா, நீங்க பார்த்தீங்களா?"

"சொன்னாங்க" என்றார் தரையைப் பார்த்து.

கடற்படைத் தளத்துக்குப் போன் போட்டோம். பார்வையாளர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார் காவலாளி. மெக்கானிக் வந்து சேர வேண்டும், அதுவரை அவள் அந்த இருக்கையில் சிலையாக இருக்க வேண்டும். வியர்வை அவள் மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கை எடுக்கவில்லை. நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, கால் வரவில்லை.

"பாப்பா ஸ்கூல் விட்டு இங்கதான் வருவா அண்ணி. அவ கண்ணுல இது படக் கூடாது. இந்தப் பக்கம் விட்டுடாதீங்க."

"நான் பார்த்துக்கறேன். நீ பேசாதே, ஆடுது."

சொல்லி வாயை மூடவில்லை, பின்வாசலில் புத்தகப் பையோடு வந்து நின்றாள் பாப்பா. விழுந்தடித்து ஓடி, கையைப் பிடித்துக் கூடத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போட்டோ எடுக்கும் விமானம் நிற்கிறது. வருகிற பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அதற்குத் தனிச் சீட்டு. பாப்பாவுக்கு அது சொந்த வீடு மாதிரி.

"அம்மா எங்க அத்தை?"

"வேலையா இருக்கா. நீ இதை ஓட்டிட்டு இரு. நான் கூப்பிடாம இறங்கினே, தோலை உரிச்சிடுவேன்."

ஒரு வழியாக மெக்கானிக் வந்தார். விளக்கைப் பிடித்து இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டார். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. பிறகு அவர் தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"காலிம்மா. மருந்தை என்னைக்கோ எடுத்துட்டாங்க. எழுந்திரு."

போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "நிலாவுக்கே போயிடுவேன்னு நினைச்சியா?" என்று காவலாளி கிண்டலடித்தார். "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்றேன் நானும், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"பாப்பா எங்க?"

"போட்டோ விமானத்துல உட்கார வச்சிருக்கேன்."

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். சட்டென்று எழுந்து மெக்கானிக்கின் பையைப் பிடித்துக்கொண்டாள். "சார், அதையும் பார்த்துடுங்க."

"அட போம்மா, அதுல ஊர்ப்பட்ட பிள்ளைங்க உட்கார்ந்து எழுந்தாச்சு" என்றார் அதிகாரி.

"பார்த்துடுங்க சார். உங்க காலைப் பிடிக்கறேன்."

விட்டால் போதும் என்று மெக்கானிக் போனார். பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பின்னால் விளக்கைப் பிடித்தார். பார்த்தவர் பார்த்தபடியே நின்றார்.

"பாப்பா, ரெண்டு கையையும் மேல தூக்கு. அப்படியே வச்சுக்கோ." பிறகு திரும்பாமலே, "எல்லாரும் வெளிய போங்க. ஓடாதீங்க" என்றார்.

அதிகாரி எப்போது வெளியே போனார் என்றே தெரியாது. நாத்தனார் மட்டும் படியேறி மகளுக்கு எதிரே நின்றாள்.

"அம்மாவையே பாருடா செல்லம். எதையும் தொடாதே."

பாப்பா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். காலை ஆட்டினாள். குதிகால் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் இடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மெக்கானிக் இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். அவள் மகளை அக்குளில் கைகொடுத்து, அங்குலம் அங்குலமாக மேலே தூக்கிக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்து மெக்கானிக் வெளியே வந்தார். குழாயடியில் முகம் கழுவினார்.

"மருந்து அப்படியே இருக்கு. துருப்பிடிச்ச ஒரே ஒரு ஊசிதான் கைப்பிடி மேல வராம தடுத்துட்டு இருந்திருக்கு. இதுலயா தினமும் பிள்ளைங்களை உட்கார வச்சீங்க?"

மகளை இறுக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்த என் நாத்தனார்தான் பதில் சொன்னாள்.

"ஆமா சார். நான் பயப்படாம விட்டது இது ஒண்ணைத்தான்."